மூக்கை உறிஞ்ச இடம் விட்டு எழுது

கும்பகோணத்தில் பிரஸ் வைத்திருப்பவர்களிடம் என்னைப் பற்றி விசாரித்தால் "வாழ்த்து எழுதுற டீச்சரா?" என்பார்கள். நான் டீச்சராக இருந்தது கொரோனாவுக்கு முன்பு, ஒரு தனியார் பள்ளியில். பள்ளி மூடியிருந்த மாதங்களில் சம்பளம் பாதியானது, அப்புறம் வேலையே இல்லை என்றானது. டீச்சர் என்ற பட்டம் மட்டும் மிச்சம். அதற்கு முன்பே, 2016 மகாமகத்தின்போது, குளத்தைச் சுற்றி நிற்கும் 16 மண்டபங்களைப் பற்றி ஒரு பிரஸ்காரருக்குச் சின்னப் புத்தகம் எழுதிக் கொடுத்திருந்தேன். காசு வாங்கி எழுதிய முதல் எழுத்து அதுதான். பக்கவேலையாக இருந்தது பிழைப்பாக மாறியது இப்படித்தான்.

என்னென்ன எழுதுவேன் என்று கேட்டால் பட்டியல் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஃபிரேம் போட்டு மேடையில் கொடுக்கும் வாழ்த்து மடல், பணி நிறைவு பாராட்டு மடல், காதணி விழா அழைப்பிதழில் மேலே போடும் நாலு வரி. இவையெல்லாம் சாதாரணம். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகப் போகும் விளம்பரத்துக்கு வசனம் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வாக்கியம், ஆட்டோ ஒரு வீட்டைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் வீட்டுக்குக் கடை பெயரும் இரண்டாவது வீட்டுக்குத் தள்ளுபடியும்தான் காதில் விழும். மாமனாரிடம் சண்டை போட்டுவிட்ட ஒருவர் மன்னிப்புக் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்ப எழுதித் தரச் சொன்னார். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில், செத்துப்போன காளைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். ஒரு மளிகைக் கடைக்காரர், கடன் பாக்கி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாமல் பணத்தைக் கொண்டுவந்து கட்டும்படி, கல்லாவுக்கு மேலே ஒட்டுவதற்கு எதுகை மோனையோடு ஒரு நோட்டீஸ் கேட்டார். அந்தக் காலத்தில் புலவர்கள் சீட்டுக்கவி எழுதிச் செல்வந்தரிடம் நெல்லும் பொன்னும் கேட்டார்கள். இங்கே செல்வந்தரே சீட்டுக்கவி எழுதி நெல்லுக்கான காசைக் கேட்கிறார். காலம் மாறிவிட்டது, வேறென்ன.

என் வேலைக்கும் ஆற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். சம்பா அறுவடை முடிந்து நெல் காசு கைக்கு வந்தால்தான் தையிலும் மாசியிலும் மண்டபம் கிடைக்காது, பிரஸ்காரர் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்வார். தண்ணீர் காலை வாரிவிட்ட வருஷத்தில் காதணி விழாவெல்லாம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். சாவு மட்டும் தள்ளிப்போகாது. அதனால் மோசமான வருஷங்களில் நான் எழுதுவது பெரும்பாலும் அஞ்சலிதான்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி. நன்றாகக் கதை எழுதக்கூடியவர். தஞ்சாவூரில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "இந்தக் கூலி எழுத்தெல்லாம் சரிதான், உங்களுடையதுன்னு எப்ப எழுதப்போறீங்க?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என் மேல் அக்கறை உள்ளவர். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். ஆனால் அந்த "உங்களுடையது" என்ற சொல் ரொம்ப நாளாக என்னை விடவில்லை.

ராஜராஜன் வந்து போன ஊர்

அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய முதல் பதில், நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) யாருக்காக எழுதினார்? ஓர் ஊரின் பெரிய மனிதர்கள் வந்து கேட்பார்கள். வடமொழியில் இருக்கும் தலபுராணத்தை வைத்துக்கொண்டு அவர் தமிழில் பாடுவார், அரங்கேற்றுவார், சம்மானம் வாங்குவார். மாயூரத்துக்கு ஒன்று, கும்பகோணத்துக்கு ஒன்று என்று காவிரிக்கரை ஊர்களுக்கு அவர் பாடிய புராணங்கள் ஏராளம். அவர் வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டே போவதை உ.வே.சாமிநாதையர் வியந்து எழுதியிருக்கிறார். திருநாட்டுப் படலம், திருநகரப் படலம், நைமிசாரணியப் படலம் என்று வரிசைகூட முன்பே தீர்மானமானது. கேட்டவர் வேறு, கதை வேறு ஒருவருடையது, வரிசை மரபுடையது. இதில் "அவருடையது" எது? இருந்தும் அவரை யாரும் கூலி எழுத்தாளர் என்று சொல்வதில்லை. காலம் கொஞ்சம் தள்ளிப்போனால் கூலி சம்மானமாகிவிடும் போலிருக்கிறது.

என்னிடமும் தலபுராணம் கேட்டு வந்தார்கள். குடமுருட்டிக் கரையில் சின்ன ஊர், பிடாரி கோயில், கும்பாபிஷேக மலர். "ராஜராஜ சோழன் போருக்குப் போறப்ப இங்க வந்து கும்பிட்டுட்டுப் போனதா போடுங்க டீச்சர்" என்றார் நாட்டாமை. எங்கேயாவது கல்வெட்டு இருக்கிறதா என்று கேட்டேன். "பக்கத்து ஊர்க்காரன் ராஜேந்திரனைப் போட்டுட்டான், நாம அவங்கப்பாவைப் போட வேண்டாமா?" என்றார். பேசிப் பேசி, கடைசியில் அந்த ஊர்க் கிழவிகளிடம் கேட்டு ஒரு கதையை எடுத்தேன். பஞ்ச காலத்தில் மதகுக்கட்டையில் ஒதுங்கிய கல்லைப் பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி எடுத்து நட்டு விளக்கேற்றினாள் என்பது கதை. "என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது" என்று முடித்தேன். நாட்டாமைக்கு அரை மனசு. ஆனால் மலர் வந்த பிறகு, அந்தப் பிள்ளைத்தாச்சி எங்கள் வீட்டுப் பெண்தான் என்று மூன்று குடும்பங்கள் சண்டைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அது எனக்குப் பரம திருப்தி.

இப்போது வழக்கமான வேலைகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. பிரஸ்காரரின் பையன் சாட்ஜிபிடியில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் தட்டினால் "இரு மனங்கள் இணையும் இனிய வேளை" ஒரு நொடியில் வந்து விழுகிறது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன். பையன் என்னிடம் அனுப்புவதெல்லாம் இப்போது வேறு மாதிரி கேஸ்கள். "டீச்சர், இது கொஞ்சம் ஒரு மாதிரியான ஆர்டர், நீங்க பேசிக்குங்க" என்று நம்பரைக் கொடுத்துவிடுவான். அப்படி வந்ததுதான் அந்த ஒப்பாரி.

அழத் தெரியாத மகள்

கூப்பிட்டது சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் ஒரு ஊர் என்று மட்டும் சொல்கிறேன். எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன், ஆனாலும் அடையாளம் தெரியும்படி எதுவும் வேண்டாம். அம்மா இறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் வரவில்லை, விட்டுவிட்டு வரவும் முடியாது. ஐஸ் பெட்டியில் எத்தனை நாள்தான் வைப்பார்கள்? வீடியோ காலில் பார்த்தாள். இப்போது பாஸ்போர்ட் வந்துவிட்டது, பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறாள். அதுவரை நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவள், பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, நான் கார்ல இருந்து எறங்குனதும் எல்லாரும் ஓடியாருவாங்க. கட்டிப்புடிச்சு அழுவாங்க. எனக்கு ஒப்பாரி வைக்கத் தெரியாது. சும்மா அழுதா, சிங்கப்பூர்காரி கண்ணு கலங்கல பாருன்னு பேசுவாங்க. எழுதிக் குடுத்தீங்கன்னா மனப்பாடம் பண்ணிட்டு வந்துருவேன்."

வாசகர்களில் பாதிப் பேருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். டெல்டாவில் பிறந்த பெண்களுக்குத் தோன்றாது என்று நினைக்கிறேன். சாவு வீட்டு வாசலில் இறங்கும் மகளை எத்தனை கண்கள் பார்க்கும் என்பது நமக்குத் தெரியும். என் அம்மா காலத்தில் ஒப்பாரியை யாரும் உட்கார்ந்து கற்றதில்லை. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று, மற்ற வீட்டுச் சாவுகளில் கேட்டுக் கேட்டு வந்தது. எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள், சாவு வீட்டுக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினார்கள். "படிச்ச பொண்ணு மாரடிச்சுக்கிட்டு நிக்கலாமா" என்றார்கள். சரி, நின்றுவிட்டது. இப்போது எங்கள் தலைமுறைக்கு அம்மா செத்தால் வாயில் வார்த்தை இல்லை. "அம்மா... அம்மா" என்று மட்டும் வருகிறது.

விலைக்கு வாங்கிய அழுகை பொய்யில்லையா என்று என் கணவர் கேட்டார். நானும் முதல் நாள் இதை யோசித்தேன். ஆனால் ஒப்பாரியில் எந்த வரி எந்தப் பெண்ணுக்குச் சொந்தம்? "என்னப் பெத்த அம்மா" என்று ஆரம்பித்து எல்லோரும் அழுவது ஏற்கெனவே ஒருத்தி அழுதுவிட்டுப் போன வரிகளைத்தான். ஊர்ப் பெயரையும் உறவையும் மாற்றிக்கொள்வார்கள். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று காசில்லாமல் வந்துகொண்டிருந்தது நடுவில் அறுந்துவிட்டது. அறுந்த இடத்தில் இந்தப் பெண் கடைக்கு வந்திருக்கிறாள். அவ்வளவுதானே. ஒத்துக்கொண்டேன். மூவாயிரம் ரூபாய் பேசினோம். உடனே அனுப்பிவிட்டாள்.

அம்மாவைப் பற்றிச் சொல் என்றேன். நல்லவர், எல்லோருக்கும் சோறு போடுவார், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். பொங்கல் சீர் சிங்கப்பூருக்கும் வரும், திருச்சியிலிருந்து விமானம் ஏறும் யாராவது ஒருவர் கையில் மஞ்சள் கொத்தாவது கொடுத்துவிடுவார். குறித்துக்கொண்டேன். உட்கார்ந்து எழுதினேன். மோனை எல்லாம் கச்சிதமாக விழுந்தது. "பத்தரை மாத்துப் பசும்பொன்னே, பால்சோறு தந்த பவளக்கொடியே, பாதி வழியில் எனைப் பரிதவிக்க விட்டதென்ன" என்கிற ரகம். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் இது வாயில் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அதைச் சோதிக்க ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

வலங்கைமான் பெரியம்மா

வலங்கைமான் பக்கத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். சாவு வீடுகளுக்கு மேளத்தோடு போய் ஒப்பாரி பாடுவார். எந்தத் தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. வலங்கைமான் மகாமாரியம்மனுக்குப் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பது தெரிந்திருக்கும். நோயில் பிழைத்து எழுந்தவர்களைப் பாடையில் படுக்கவைத்து, முன்னால் தீச்சட்டி ஏந்தி, செத்தவரைத் தூக்கிப்போவது போலவே கோயிலைச் சுற்றித் தூக்கி வருவார்கள். அந்த ஊர்த் திருவிழாவைப் பற்றி ஒரு மலருக்கு எழுதப் போனபோதுதான் அவர் பழக்கமானார். சாகாதவர்களுக்காக அழத் தெரியுமா என்று அன்று விளையாட்டாகக் கேட்டேன். "செத்தவங்களுக்கு எவ அழுவுறா? உசுரோட இருக்கறவங்க காதுல விழத்தான் அழுவுறது" என்றார். அப்போது அதைச் சாமர்த்தியமான பேச்சு என்று மட்டும் நினைத்தேன்.

வாசல் திண்ணையில் உட்கார்ந்து நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். முழுதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கல்யாணப் பத்திரிகையில போடலாம்" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மருமகள் சிரித்துவிட்டாள். பிறகு பெரியம்மா, "அழுதுகிட்டே சொல்லிப் பாரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "அழுவ வேணாம், மூக்க அடச்சுக்கிட்டு சொல்லு." இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு "பத்தரை மாத்துப் பசும்பொன்னே பால்சோறு தந்த" என்று ஆரம்பித்தேன். பவளக்கொடி வருவதற்குள் மூச்சு முட்டியது. "பாத்தியா. அழுவுறவளுக்கு மூக்கு அடைச்சிருக்கும். வாயாலதான் மூச்சு விடணும், வாயாலதான் பாடவும் செய்யணும். ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூக்க உறிஞ்ச எடம் விடணும். நீ எங்க எடம் விட்டிருக்க?"

யாப்பருங்கலக்காரிகையைப் பரீட்சைக்குப் படித்தவள் நான். சீர், தளை, அடி, தொடை எல்லாம் தெரியும். மூக்கடைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் யாப்பு ஒன்று இருப்பதை எனக்கு எம்.ஏ.வில் யாரும் சொல்லவில்லை. பெரியம்மா பாடிக் காட்டினார். சின்ன வரி. அது முடியும் இடத்தில் ஒரு "அம்மா" அல்லது "ஏ..." என்று ஒரு இழுப்பு. அந்த இழுப்பில்தான் மூச்சு வாங்குகிறார், அடுத்த வரியை யோசிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார், யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்க்கிறார். இரண்டாவது கண்ணி முதல் கண்ணியைப் போலவே இருக்கும், ஒன்றிரண்டு சொல் மட்டும் மாறும். ஆறு வந்த இடத்தில் வாய்க்கால் வரும், முத்து வந்த இடத்தில் பவளம் வரும். நான் இதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பாடுகிறவளுக்கு ஞாபகம் தவறாமல் இருக்கவும், சுற்றி இருக்கும் பெண்கள் சேர்ந்துகொள்ளவும் அது உதவுகிறது என்று அங்கே உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது.

அப்புறம் கேட்டார்: "இதுல அண்ணன்காரன் எங்க? அண்ணி எங்க?" அம்மாவுக்குத்தானே ஒப்பாரி என்றேன். "பொறந்த வூட்டு மேல ஒரு கொற சொல்லாம எந்த மவ ஒப்பாரி வச்சா? அவளுக்குக் கொறயே இல்லியா? இருக்கும், கேளு."

சொல்லாத சேதி

அன்று ராத்திரி சிங்கப்பூருக்குக் கூப்பிட்டேன். வரிகளைச் சின்னதாக மாற்றப் போகிறேன், உங்களுக்கு ஏதாவது மனக்குறை உண்டா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதை வந்தது. அப்பா போன பிறகு பாகப்பிரிவினை பேச்சு வந்தபோது, தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிங்கப்பூர் போனவள். பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாயிற்று, 2005-ல் நாடு முழுக்க வந்தாயிற்று. சட்டம் வந்த பிறகுதான் இந்த விடுதலைப் பத்திரமும் அதிகம் தேவைப்படுகிறது. பங்கே இல்லாத காலத்தில் எதை விடுவிப்பது? அண்ணன் தம்பி உறவு, பொங்கல் சீர், பிறந்த வீட்டு வாசல் எல்லாவற்றையும் தராசின் மறு தட்டில் வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். எனக்குத் தெரிந்த பெண்களில் நிறைய பேர் சிரித்துக்கொண்டே போட்டிருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

ஆகவே அதுதான் குறை என்று நினைத்து, பேனாவை எடுத்தேன். அவள் தடுத்தாள். "கையெழுத்த எழுதாதீங்கக்கா. அத நாந்தான் போட்டேன். யாரும் கையப் புடிச்சுப் போட வைக்கல." பிறகு சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் ஆற்றில் தண்ணீர் வந்தால் அம்மா போன் செய்வார். மேட்டூர் திறந்தாயிற்று, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்கு வந்தாயிற்று, நம்ம வாய்க்காலில் ஏறிவிட்டது என்று கடைமடை வரைக்கும் தண்ணீரோடு கூடவே நடந்து வருகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பார். 2024-ல் வழக்கமான தேதியான ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. அம்மா அலுத்துக்கொண்டார். ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். "நான் நியூஸ்ல பாத்தேன். அம்மா கூப்புடல. நான் கூப்புட்டா, தூங்குறாங்கன்னு அண்ணி சொன்னாங்க. குளிக்கிறாங்கன்னு சொன்னாங்க. அம்மா அப்ப தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில இருந்துருக்காங்க. பிள்ளை பெத்தவளுக்கு எதுக்கு அதிர்ச்சின்னு சொல்லலியாம். நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா அம்மாவோட ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்ல?"

சொல்லி முடித்துவிட்டு, "இத மட்டும் போடுங்க" என்றாள்.

நான் ரொம்ப நேரம் எழுதவில்லை. குடும்பத்துக்குள் ஒரு பூசலுக்குக் காசு வாங்கிக்கொண்டு வரி எழுதிக்கொடுக்கிறோமே என்ற தயக்கம் இருந்தது. அண்ணன் தரப்பு எனக்குத் தெரியாது. பச்சை உடம்புக்காரியிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இதை அவள் வேறு எங்கே சொல்வாள்? காரியம் நடக்கும் வீட்டில் உட்கார்ந்து பேசினால் சண்டைக்கு வந்தாள் என்பார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் ஜென்மத்துக்கும் நிற்கும். ஒப்பாரியில் சொன்னால் யாரும் பதில் சொல்ல முடியாது, சொல்லக் கூடாது. கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். இந்த ஒரு சலுகையைப் பெண்களுக்கு யார் எப்போது கொடுத்தார்களோ, நாங்கள் நாகரிகம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எழுதினேன். வலங்கைமான் போய்ப் பெரியம்மாவிடம் காட்டினேன். அவர் இரண்டு சொல்லை மாற்றினார். கடைசியில் இப்படி நின்றது:

ஆத்துல தண்ணி வந்தா – அம்மா
அன்னிக்கே சேதி சொல்வே
அடுப்பு வேல கெடந்தாலும் – நீ
அள்ளிக்கிட்டு வந்து சொல்வே

வாய்க்கால்ல தண்ணி வந்தா – அம்மா
வந்த நாளே சேதி சொல்வே
ஒன் ஒடம்பு முடியாத சேதி – எனக்கு
ஒருத்தருமே சொல்லலையே

"அள்ளிக்கிட்டு" என்பது பெரியம்மா போட்டது. நான் "ஓடிக்கிட்டு" என்று எழுதியிருந்தேன். ஓடினால் ஆள் மட்டும்தான் வருவாள், அள்ளிக்கொண்டு வந்தால் தண்ணியும் வரும் என்றார். மூன்று வருஷம் செய்யுள் இலக்கணம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த இடத்தில் பேச்சு வரவில்லை.

எழுந்து கிளம்பும்போது, "எவ்வளவு பேசுன?" என்றார். மூவாயிரம் என்றேன். "பாதி குடு" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். கூகுள் பே இருக்கிறதா என்று கேட்டதற்கு மருமகள் நம்பரைச் சொன்னாள். அவர் ஒரு ராத்திரி முழுக்க, தொண்டை கட்டும்வரை பாடினால் வாங்குவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதை வாசலில் உட்கார்ந்து, இலையில் தனியாகப் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வாங்குவார். இருவரும் அடுத்தவர் துக்கத்துக்கு வார்த்தை கொடுத்துக் காசு வாங்குகிறோம். என்னை டீச்சர் என்று கூப்பிட்டு நாற்காலி போடுகிறார்கள். என் நண்பர் "கூலி எழுத்து" என்று சொன்னபோது எனக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்றது என்பதை அந்தப் பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். கூலி என்ற சொல்லில் அவமானம் இருப்பதாக நானும்தானே ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு அந்தச் சங்கடமே இல்லை. பாதி குடு என்றார், வாங்கிக்கொண்டார்.

பதினாறு முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். விமானத்தில் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டே வந்தாளாம். விடியற்காலை காரிலிருந்து இறங்கியபோது எல்லாம் மறந்துவிட்டது. ஒரே ஒரு வரி மட்டும் நின்றது, "ஒருத்தருமே சொல்லலையே". அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதிருக்கிறாள். கட்டிக்கொண்டு அழுத சித்தி ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு, தன் அம்மா செத்தபோது தனக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சேர்த்து அழ ஆரம்பித்தாளாம். பிறகு இன்னொருத்தி. அண்ணன் கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. அண்ணி அன்று முழுக்கப் பேசவில்லை, ஊருக்குக் கிளம்பும்போது வடகம் கட்டிக் கொடுத்தார்.

மறு வருஷம் திதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு போன். "நீங்கதான் என் தங்கச்சிக்கு எழுதிக் குடுத்தவங்களா?" அண்ணன்காரர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆமாம் என்றேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், நாலு வரி வேண்டும் என்றார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "சாதாரணமா எழுதுங்க மேடம். அந்த மாதிரியெல்லாம் வேணாம்." கொஞ்சம் விட்டு, கீழே பெயர் போடுகிற வரிசையில் தங்கச்சி பெயரை எங்கே போடுவது வழக்கம் என்று கேட்டார். மகன், மருமகள், பிறகு மகள், மருமகன் என்று போடுவதுதான் வழக்கம் என்றேன். "மக பேர மொதல்ல போட்டா தப்பா இருக்குமா?" போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். சரி என்றார். என்ன ஆகும் என்றார். நாலு வரிக்கு முந்நூறு ரூபாய், போஸ்டர் செலவு பிரஸ்காரருடையது என்றேன். இருநூற்றைம்பதாகப் போட்டுக்கச் சொன்னார்.